பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு கோல்கீப்பரின் அம்மா

செங்கம் ரோட்டிலிருந்து ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி உள்ளே போகும் சந்தில் எங்கள் வீடு இருக்கிறது. கீழே நாங்கள் மூன்று பேர்: நான், பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக வேலை பார்க்கும் என் கணவர், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள். மாடியில் இரண்டு அறைகள். அவற்றை வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கார்த்திகை தீபத்தில் ஆரம்பித்தால் மாசி முடியும்வரை அறைகள் காலியாக இருப்பதில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் சத்தமில்லாதவர்கள். காலையில் ஆசிரமத்துக்குப் போவார்கள், மதியம் தூங்குவார்கள், சாயங்காலம் பால்கனியில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். என்ன மனக்கஷ்டத்தோடு வந்தீர்கள் என்று நான் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. அந்தத் தை மாதம் வந்த அம்மா மட்டும் மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நல்ல உயரம். எங்கள் மாடிக் கதவின் நிலையில் வந்த அன்றே இரண்டு முறை நெற்றியை இடித்துக்கொண்டு, இரண்டு முறையும் கதவைப் பார்த்துச் சிரித்தார். மத்திய ஆசியாவில் ஒரு சின்ன ஊரில் ரொட்டி சுடும் கடையில் வேலை செய்கிறவர். நாட்டின் பெயரை எழுதினால் யாராவது அவர் மகன் யாரென்று தேடிக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் எழுதவில்லை. எங்கள் வீட்டில் அவரை மாடியம்மா என்றுதான் சொல்வோம். அவர் என்னை அக்கா என்பார். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைவிட அவருக்குத்தான் வயது ஜாஸ்தி, ஆனால் நான் திருத்தவில்லை. நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், எனக்குத் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் படியிறங்கி வந்து தன் செல்போனை என் மடியில் வைத்தார்.

“அக்கா, நாளைக்கு நாலு மணிக்கு இதை உன் பீரோவில் வைத்துப் பூட்டிவிடு. ராத்திரி நான் கேட்டாலும், நீ முதலில் பார்த்துச் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும்.”

எனக்குப் புரியவில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரையில் ஒரு பிடியை எடுத்து ஆய்ந்தபடியே சொன்னார்.

அவருக்கு ஒரே மகன். இருபத்திரண்டு வயது. அவர்கள் நாட்டின் கால்பந்து அணியில் கோல்கீப்பர். பெரியவர்கள் அணி இல்லை, இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் அணி. ஆசிய நாடுகளின் அப்படிப்பட்ட பதினாறு அணிகள் மறுநாள் முதல் கிழக்கே ஒரு நாட்டில் மோதப்போகின்றன. முன்னணியில் வருகிறவர்களுக்கு ஒலிம்பிக்கில் இடம். அவர்கள் நாடு இதுவரை ஒருமுறைகூட ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியதில்லை.

“அப்படியென்றால் நீங்கள் அங்கே அல்லவா இருக்க வேண்டும்?” என்றேன்.

தலையை வேகமாக ஆட்டினார். மகனுக்குப் பதினைந்து வயதில் நடந்த ஒரு போட்டியை நேரில் பார்க்கப் போனாராம். இவர் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் அவனுக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்தது. அடுத்த வருஷம் டிவியில் பார்த்தார். பந்து அவன் கால்களுக்கு நடுவே புகுந்து போனது. மூன்றாவது முறை பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக அரை நிமிஷம் எட்டிப் பார்த்தார். அந்த அரை நிமிஷத்தில் ஒரு கோல் விழுந்தது. அதற்குப் பிறகு பார்ப்பதில்லை. பார்க்காமல் இருந்தால் போதாது, அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாமலும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

“எங்கள் ஊரில் இருந்தால் பக்கத்து வீட்டில் கத்துவதிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் இங்கே வந்தேன். போன வருஷம் வந்தபோதே கவனித்தேன். உங்கள் ஊரில் யாரும் ஃபுட்பால் பார்ப்பதில்லை.”

அது உண்மைதான். எங்கள் சந்தில் கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டு ஒன்று இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி என் மகள். கல்லூரிப் பெண்கள் அணியில் ஆடுகிறாள். வாசல் கொடியில் காயும் அவளுடைய நீளக் காலுறைகளைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள் என்ன இதுவென்று இன்னமும் கேட்கிறார்கள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது மகளிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த தோசை தட்டில் விழுந்தது.

“மா! மேல இருக்கறவங்க பையன் நேஷனல் கோல்கீப்பரா? இத இவ்ளோ சாதாரணமா சொல்ற!”

“அவங்ககிட்ட போயி ஒண்ணும் கேக்காதடி. அவங்களுக்கு எதுவும் தெரியக் கூடாதாம்.”

“அவங்களுக்குத் தெரிய வேணாம். நமக்குத் தெரியலாம்ல?”

மறுநாள் நாலு மணிக்கு மாடியம்மா கிளம்பினார். காலில் செருப்பில்லை. அதற்குப் பதிலாக இரண்டு ஜோடிக் காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில், பையில் நான்கு வாழைப்பழம். கிரிவலம் போகிறேன், சுற்றி முடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றார். பதினாலு கிலோமீட்டர். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து போனால் அவருக்கு நாலரை மணி நேரம்.

“நீ வாசலில் நில். எதுவும் சொல்லாதே. நான் உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.”

அவர் சந்து முனை திரும்பியதும் மகள் தன் செல்போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து வைத்தாள். நானும் உட்கார்ந்தேன், சும்மா துணைக்குத்தான். முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பச்சைச் சட்டை போட்ட ஒரு நெட்டைப் பையன் கோல் வலைக்கு முன்னால் நின்றுகொண்டு, யாரையோ திட்டிக்கொண்டே இருந்தான். அவன் நெற்றியைப் பார்த்தேன். அம்மாவின் நெற்றி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பந்து மூலையைப் பார்த்துப் போனபோது பக்கவாட்டில் பாய்ந்து விரல் நுனியால் தட்டிவிட்டான். நான் கத்திய சத்தத்தில் எதிர்வீட்டம்மா ஓடிவந்து, “இன்னாக்கா, பாம்பா?” என்றார்.

ஒன்றுக்குச் சுழியம் என்று ஜெயித்தார்கள். எட்டரை மணிக்கு மாடியம்மா சந்துக்குள் நுழைந்தார். நான் வாசலில் விளக்கடியில் நின்றேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் இளித்துக்கொண்டு நின்றேன் என்று மகள் பிறகு சொன்னாள். அவர் அந்த இருபதடி தூரத்தையும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். எலும்பு நொறுங்கியது.

இரண்டாவது ஆட்டத்துக்கு எதிர்வீட்டம்மாவும் வந்துவிட்டார். அவர் சொல்லி, சந்து முனையில் டீக்கடை வைத்திருப்பவர் வந்தார். அவர் சொல்லி, கடைக்கு எதிரே வண்டி போடும் ஆட்டோக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். என் சமையலறையில் நிற்க இடமில்லை. எல்லாரும் அவனை “நம்ம பையன்” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று என் மகள் ஆட்டோக்காரர்களுக்கு டம்ளர்களை அடுக்கி விளக்கினாள். ஒருவர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

“முன்னாடி போயி நிக்கறது ஒரு தப்பாம்மா? சவாரி புடிக்கறவன் முன்னாடிதான நிப்பான்?”

அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டு கோல், இரண்டும் அவன் தடுத்திருக்க முடியாதவை என்று மகள் சத்தியம் செய்தாள். எல்லாரும் துக்க வீட்டிலிருந்து போவதுபோலத் தலை குனிந்து போனார்கள். மாடியம்மா வரும்போது நான் வாசலில் நிற்காமல் உள்ளேயே இருந்துவிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சமையலறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து, காலுறைகளைக் கழற்றி, குதிகாலில் எழுந்திருந்த கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கெண்ணெய் எடுத்துவந்து தடவினேன்.

“நீங்கள் பார்க்கவே இல்லையே. அப்படியும்தான் தோற்றுவிட்டார்கள். உங்கள் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை,” என்றேன். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

அவர் தலையை ஆட்டினார். “ஐந்தரை மணிக்கு ஒரு கடையில் காபி குடித்தேன். குடிக்கும்போது அவனை நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் கோல் விழுந்திருக்கும்.”

மகள் தன் செல்போனில் பார்த்தாள். முதல் கோல் விழுந்தது ஐந்து முப்பத்திரண்டுக்கு. அதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கண் காட்டினேன்.

மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்துக் காலிறுதிக்குப் போனார்கள். அதற்குள் டீக்கடைக்காரர் தன் கடையின் டிவியில் செல்போன் படம் தெரிவதற்கு யாரையோ பிடித்து ஏற்பாடு செய்துவிட்டார். காலிறுதியன்று கடை வாசலில் அறுபது பேர் நின்றார்கள். ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் சிலரும் நின்றார்கள். கடைசிப் பத்து நிமிஷத்தில் எங்கள் ஆட்கள் இரண்டாவது கோல் போட்டபோது ஆட்டோக்காரர்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஹாரனை அழுத்தினார்கள். மாடியம்மா அப்போது மலையின் மறுபக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். யாரும் ஃபுட்பால் பார்க்காத ஊரென்று நம்பி.

அரையிறுதி தைப் பௌர்ணமியன்று வந்தது.

எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மதியத்திலிருந்தே ரோட்டில் தலைகள்தான். என் கணவருக்கு அன்று தற்காலிகப் பஸ் ஸ்டாண்டில் டூட்டி, மறுநாள்தான் வீட்டைப் பார்ப்பார். வண்டிகளை எல்லாம் வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஜனங்களும் போலீஸும் தண்ணீர்ப் பந்தலும்தான் கிரிவலப் பாதையில் இருக்கும்.

“இன்றைக்குப் போகாதீர்கள், நெரிசலில் நடக்க முடியாது. அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள்,” என்று மாடியம்மாவிடம் சொன்னேன்.

“இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் ஒலிம்பிக், அக்கா. அறைக்குள் இருந்தால் செத்துப்போவேன்,” என்று சொல்லிவிட்டு நாலு மணிக்குக் கூட்டத்தோடு போய்விட்டார். செல்போன் வழக்கம்போல என் பீரோவில்.

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. எதிரணி பெரிய நாடு, பலமுறை ஒலிம்பிக்குக்குப் போனவர்கள். முதல் பாதி முழுக்கப் பந்து நம்ம பையன் பக்கமே இருந்தது. அவன் தடுத்துத் தடுத்து வெளியே தள்ளினான். ஒரு முறை எதிராளியின் முழங்கால் தோளில் பட்டு விழுந்தான். கடை வாசலில் எல்லாரும் டிவியை நோக்கி ஓரடி முன்னால் நகர்ந்தார்கள். நான் என்னை அறியாமல் எதிர்வீட்டம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். அவன் எழுந்து தோளைச் சுழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினான்.

தொண்ணூறு நிமிஷம் முடிந்தது. ஆளுக்கு ஒரு கோல். மேலும் அரை மணி நேரம் கொடுத்தார்கள். யாரும் கோல் போடவில்லை. ஏழு மணிக்கு, ரோட்டிலிருந்து கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தபோது, பெனால்டி தொடங்கியது. ஒவ்வொரு பக்கமும் ஐந்து உதை. கோல்கீப்பர் தனியாக நிற்பான், உதைப்பவன் தனியாக வருவான். இதைவிடக் கொடுமையான விளையாட்டு ஒன்றை மனிதர்கள் கண்டுபிடித்திருப்பார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

நம்ம ஆட்கள் ஐந்தில் நான்கைப் போட்டார்கள். ஒன்று கம்பத்தில் பட்டு வந்துவிட்டது. எதிராளியின் இரண்டாவது உதையை அவன் இடப்பக்கம் பாய்ந்து பிடித்தான். மற்ற மூன்றும் உள்ளே போயின. கடைசி உதை பாக்கி. தடுத்தால் ஒலிம்பிக். உதைக்க வந்தவன் பந்தை மூன்று முறை எடுத்து எடுத்து வைத்தான். நம்ம பையன் அதுவரை நகரவே இல்லை. பந்து நடுவில் வந்தது. அவன் வலப்பக்கம் விழுந்துகொண்டிருந்தான், ஆனால் கால் மட்டும் நடுவில் மிச்சமிருந்தது. அந்தக் காலில் பட்டுப் பந்து மேலே எழும்பி வலைக்குப் பின்னால் போனது.

அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்கு வரிசையாக நினைவில்லை. டீக்கடைக்காரர் பாய்லரைக் கட்டிப்பிடிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. என் மகள் அழுதுகொண்டே என் தோளைக் குலுக்கினாள்.

“மா, அவங்களுக்குத் தெரியாது. உலகத்துலயே அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது!”

எட்டரை ஒன்பது வரை காத்திருக்க என்னாலும் முடியாது. மூன்று மணி நேரமாக நடக்கிறார் என்றால் கொப்புளத்தோடு, இந்தக் கூட்டத்தில், பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டியிருக்க மாட்டார் என்று மகள் கணக்குப் போட்டாள். ஆஃப்சைடை ஒப்புக்கொள்ளாத அந்த ஆட்டோக்காரர், “ஏறுங்கக்கா, அத்தியந்தல் பக்கமா பூந்து போயிடலாம்” என்றார். வயல்களுக்கு நடுவே, கடலைக்கொடி அடுக்கியிருந்த களங்களைத் தாண்டி, மண் ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். தடுப்புக்கு முன்னால் இறக்கிவிட்டார். அங்கிருந்து ஓட்டம். எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியது அன்றுதான்.

கிரிவலப் பாதைக்கு வந்து பார்த்ததும் என் நம்பிக்கை போய்விட்டது. நிலா நன்றாக மேலே வந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ரோடு முழுக்க ஜனங்கள், அரோகரா சத்தம், கற்பூரப் புகை. எவ்வளவு உயரமான ஆளாக இருந்தாலும் இதில் எங்கே தேடுவது? கால் மணி நேரம் ஓரத்தில் நின்று முகம் முகமாகப் பார்த்தோம். அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், சிவப்புச் சட்டை போட்ட நான்கு வயதுக் குழந்தையின் பெற்றோரைக் கூப்பிட்டது. நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் பக்கத்தில் மூங்கில் கட்டிய சின்ன மேடை. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெண் போலீஸ்காரர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். மதியத்திலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார்.

“ஏம்மா, இது காணாமப்போனவங்களத் தேடறதுக்கு வெச்சிருக்கற மைக்கு. மேட்ச் ஸ்கோர் சொல்றதுக்கா?”

“அவங்களும் காணாமப்போனவங்கதாங்க. கையில போன் இல்ல, பாஷை தெரியாது. வெளிநாட்டுக்காரங்க.”

“நீங்க யாரு அவங்களுக்கு?”

வீட்டு ஓனர் என்று சொல்ல வாயெடுத்தேன். “அக்கா” என்று வந்துவிட்டது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் போட்டிருந்தது வீட்டில் கட்டும் சேலை, ஓடி வந்ததில் கொண்டை அவிழ்ந்திருந்தது. “பையன் நெஜமாவே ஒலிம்பிக் போறானா?” என்றார். என் மகள் செல்போனை நீட்டினாள். சிக்னல் இல்லை, ஆனால் அவள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஒரு படம் இருந்தது: பச்சைச் சட்டைக்காரன் மேல் அவன் அணியே ஏறிப் படுத்திருந்தது. போலீஸ்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

மாடியம்மாவின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. மூன்று முறை மூன்று விதமாகச் சொன்னார். எங்கிருந்தாலும் அடி அண்ணாமலை அறிவிப்பு மேடைக்கு உடனே வரவும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

“பக்தகோடிகளே, இந்தம்மாவோட பையன் கோல்கீப்பருங்க. இன்னைக்கு ரெண்டு பெனால்டியத் தடுத்து, அவங்க நாட்ட மொத மொறையா ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கான். அம்மாவுக்கு இன்னும் சேதி தெரியாது. உயரமான அம்மா, கால்ல சாக்ஸ் போட்டிருப்பாங்க. பக்கத்துல யாராவது பாத்தீங்கன்னா கூட்டிக்கிட்டு வாங்க!”

ரோட்டில் ஒரு சலசலப்பு எழுந்தது. போகிறவர்கள் எல்லாம் தங்களுக்கு முன்னால் போகிறவர்களின் கால்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கிருந்தோ யாரோ கை தட்டினார்கள், அது அப்படியே பாதையோடு பரவிப் போனது. யாருக்காகத் தட்டுகிறோமென்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

பத்து நிமிஷத்தில் வந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் கையைப் பிடித்திருந்தார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்கள், அக்காவும் தங்கையும். பாதையோரத்து நிருதி லிங்கத்திலிருந்து அவரோடு நடந்து வந்திருக்கிறார்கள். பேச பாஷை இல்லாமலே முறுக்கும் வாழைப்பழமும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாடியம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தமிழில் சொன்ன அத்தனையிலும் அவருக்குப் புரிந்தது தன் பெயர் மட்டும்தான். அதுவும் போலீஸ் குரலில். பாஸ்போர்ட்டில் ஏதோ சிக்கல் என்று நினைத்துவிட்டார்.

“இந்தம்மாவத்தான கூப்ட்டீங்க?” என்றார் அக்காக்காரர் போலீஸ்காரரிடம் கொஞ்சம் சண்டைக் குரலில். “நல்லவங்கம்மா. இவங்க எந்தத் தப்பும் பண்ணல. நாங்க சொல்றோம்.”

மாடியம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் அன்று எனக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

“ஒலிம்பிக்,” என்றேன். “உங்கள் மகன் இரண்டு பெனால்டியைத் தடுத்தான். கடைசியைக் காலால்.”

ரோட்டோரத்தில் மணல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. தங்கைக்காரர் பயந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து மாடியம்மா தலையை நிமிர்த்தி என் மகளிடம் கேட்டார்.

“காலாலா? எப்படி?”

செல்போனில் காட்ட முடியவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் சுற்றும்முற்றும் பார்த்தாள். பக்கத்தில் ஒருவர் பலூனும் பிளாஸ்டிக் பந்தும் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பந்தைக் கேட்டு வாங்கினாள். போலீஸ் தடுப்புகள் இரண்டுக்கு நடுவே கோல். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நின்றாள்.

“யாராவது ஒதைங்க!”

எல்லாரும் தயங்கினோம். கீழ்பென்னாத்தூர் அக்காக்காரர் பூக்கூடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். “நான் ஒதைக்கறேன்டி பொண்ணே,” என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உதைத்தார். முதல் பந்து உள்ளே. இரண்டாவதை மகள் இடப்பக்கம் பாய்ந்து மண்ணில் புரண்டு பிடித்தாள். கூட்டம் கூடிவிட்டது. மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றும் எப்படி நடந்ததோ அப்படியே செய்தாள். நான்காவது உதை மட்டும் தடுப்புக்கு மேலே பறந்து, ஒரு சாமியாரின் மடியில் போய் விழுந்தது. அவர் நிதானமாக எடுத்துத் திருப்பி வீசினார்.

“இது கடைசி,” என்றாள் மகள். “மெதுவா, நடுவுல ஒதைங்க.”

அக்காக்காரர் பந்தை மூன்று முறை எடுத்து வைத்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உதைத்தார். மகள் வலப்பக்கம் விழுந்து காலை மட்டும் நீட்டினாள். பந்து பட்டு மேலே போனது. மேடையிலிருந்து போலீஸ்காரர் மைக்கை அணைக்க மறந்து “ஆ!” என்று கத்தியது கிரிவலப் பாதை முழுக்கக் கேட்டது.

மாடியம்மா ஒரு நொடிகூடக் கண்ணை மூடாமல் பார்த்தார். பிறகு எழுந்து போய் என் மகளைத் தூக்கினார். நிஜமாகவே தரையிலிருந்து தூக்கினார், ரொட்டி மாவு பிசைந்த கைகள் அவை.

மீதிப் பாதையை ஐந்து பேருமாக நடந்தோம். நான் பௌர்ணமியில் கிரிவலம் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. உள்ளூர்க்காரி, என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிட்டேன். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் வந்து, “நீங்கதான் கோல்கீப்பர் அம்மாவா?” என்று கேட்டுக் கை குலுக்கினார்கள். குபேர லிங்கத்தருகே ஒருவர் எல்லாருக்கும் சுக்குக் காபி கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து இறுதிப் போட்டி. ஒலிம்பிக் கிடைத்துவிட்டது, இனி பார்த்தால் என்ன என்று மாடியம்மாவே டீக்கடைக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். அங்கே இருந்த கூட்டத்தைப் பார்த்து, “இவர்கள் எல்லாரும் எதற்கு வந்திருக்கிறார்கள்?” என்று என்னிடம் கேட்டார். இரண்டாவது ஆட்டத்திலிருந்தே வருகிறார்கள் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். என்னை முறைத்தார். பிறகு எல்லாருக்கும் எழுந்து நின்று கும்பிட்டார்.

கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் விழுந்து தோற்றார்கள். கடை வாசலில் அத்தனை பேரும் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “நான்தான் சொன்னேனே!” என்றார். ஆட்டோக்காரர் மட்டும் எழுந்து நின்று, “அது ஆஃப்சைடுங்க!” என்று கத்தினார்.

அந்த வாரமே ஊருக்குக் கிளம்பினார். சென்னை பஸ்ஸில் என் கணவர் ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார். சந்தில் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்தார்கள்.

ஒலிம்பிக் வந்தபோது எங்களுக்கெல்லாம் ஒரு அடி. ஒலிம்பிக்கில் வயது கூடிய மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அவர்கள் நாடு சேர்த்த மூன்று பேரில் ஒருவர் கோல்கீப்பர், முப்பது வயதுக்காரர். நம்ம பையன் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீக்கடையில் பெரிய கலவரம். “கூட்டிக்கிட்டுப் போனது நம்ம பையன், உள்ள பூந்து நிக்கறது வேற ஆளா? இது இன்னா ஞாயம்?” என்று ஆட்டோக்காரர்கள் அந்தப் பயிற்சியாளரைத் தமிழில் திட்டித் தீர்த்தார்கள். நான் மனசு கேட்காமல் மாடியம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவர் இம்முறை நேரில் போயிருந்தார். பதிலாக ஒரு படம் வந்தது. விளையாட்டு வீரர்கள் சாப்பிடும் இடமோ என்னவோ, ஒரு மேஜையில் அம்மாவும் மகனும். அவன் தட்டில் மலைபோலச் சோறு. கீழே எழுதியிருந்தார்: “நன்றாகச் சாப்பிடுகிறான், அக்கா. ஆறு மாதம் கழித்து இன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.”

மூன்றாவது ஆட்டத்தில், வெளியேறுவது உறுதியான பிறகு, கடைசி இருபது நிமிஷத்துக்கு அவனை இறக்கினார்கள். அவன் கோடு தாண்டி உள்ளே ஓடியபோது எங்கள் சந்தே எழுந்து நின்றது. அவனிடம் பந்து நான்கு முறை வந்தது. நான்கையும் பிடித்தான். மறுநாள் காலை என் மகள் கல்லூரி மைதானத்துக்குப் போனபோது எதிர்வீட்டம்மாவின் மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணுக்கு நீளக் காலுறை வேண்டுமாம்.